எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கட்டம்

நெஹாசெ 24
முதல் வகுப்புப் பாடநூலின் மாதிரி அச்சகத்திலிருந்து வந்தது. எங்கள் குராகே மொழிக்கென்றே உள்ள ஓர் எழுத்து வரும் இடத்திலெல்லாம் காலிக் கட்டம். கையால் எழுதலாம், பலகையில் எழுதலாம். கணினிக்கு மட்டும் அப்படி ஓர் எழுத்து இருப்பதே தெரியாதாம். இந்த லட்சணத்தில் புத்தகம் போடத்தான் என்னை ஊர்ப் பள்ளியிலிருந்து அடிஸ் அபாபாவுக்கு இழுத்து வந்தார்கள்.

நெஹாசெ 27
எழுத்துக் குழுத் தலைவர் டாக்டர் எந்தாலேயைப் பார்த்தேன். "பக்கத்து எழுத்தைப் போட்டுக்கோங்கம்மா. யாருக்குத் தெரியப் போகுது?"
யாருக்கா? பேசுற எல்லாருக்கும் தெரியும்யா! எழுத்து கணினியில் ஏறாவிட்டால் புத்தகம் கிடையாது. பிள்ளைகள் மறுபடி அரசாங்க மொழியான அம்ஹாரிக்கில்தான் படிக்க வேண்டும். வீட்டில் ஒரு பேச்சு, வகுப்பில் திருதிருவென்று முழிப்பு. அவருக்கு அதெல்லாம் தூசு.

பாகுமே 3
வருடக் கடைசியின் குட்டி மாதம் இது. இதற்குள் டாக்டர் மகான் ஒரு முடிவெடுத்துவிட்டார். குராகே மக்களைக் கூட்டி, எழுத்து வேண்டுமா என்று கேட்டு, வேண்டுமென்றால் கணினியில் எழுத்துகளைச் சேர்க்கிற வெளிநாட்டுக் குழுவுக்கு விண்ணப்பிப்பாராம். தேதி? அடுத்த மாதம், மெஸ்கெரெம் 19! 17ஆம் தேதி வரும் சிலுவைத் திருநாள் அவரைப் போன்ற பட்டணத்துக்காரர்களுக்கு ஒரு நாளோடு முடியும். எங்களுக்கு வாரம் முழுக்கத் திருநாள், எல்லாரும் ஊருக்குப் போய்விடுவோம். அன்றைக்கு இந்தப் பட்டணத்தில் ஒரு குராகேயைப் பிடித்துக் காட்டட்டும், பார்ப்போம்.

மெஸ்கெரெம் 8
எங்கள் ஊர்க்காரன் ஷிக்குர், இங்கே பட்டணத்துச் சந்தையில் செருப்பு மொத்த வியாபாரி, வாய் ஓயாது. "டீச்சரம்மா, நான் வேணா கூட்டத்துக்குப் போகட்டுமா?"
"நீ போனா செருப்பு விலைதான் பேசுவே. ஒருத்தரும் போகக் கூடாது. காலி மண்டபத்தைப் பார்த்து அந்த ஆள் வெட்கப்படட்டும்."
பார்த்த எல்லாரிடமும் இதையே சொல்லி வைத்தேன்.

மெஸ்கெரெம் 18
ஊரில். வெண்ணெய் பிசைந்த கொத்திறைச்சியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நான் பெருமையடித்தேன். நாத்தனார் தெருங்கோ கை நக்கிக்கொண்டே சொன்னாள்: "அவன் எதுக்கு அண்ணி வெட்கப்படறான்? யாருக்கும் வேணாமாம்னு எழுதிட்டு வீட்டுக்குப் போவான். நல்லாப் படிச்சீங்க போங்க!"
ஐயோ, ஆமாம். நானே குழி தோண்டி எழுத்தை நானே அதில் தள்ளிவிட்டேனே! உடனே கிளம்பலாமென்றால் பஸ் இல்லை. ஓட்டுநரும் குராகேதான், அடுத்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

மெஸ்கெரெம் 19
மண்டபம் இப்போது காலியாக இருக்கும். முட்டாள் டாக்டர் இல்லை, நான்.

மெஸ்கெரெம் 20
ஷிக்குர் போன் செய்தான். மண்டபத்தில் நிற்க இடமில்லையாம்!
அவன் முஸ்லிம். எங்கள் முஸ்லிம்கள் ஊர் திரும்புவது அரஃபாவுக்கு, அதாவது பக்ரீத்துக்கு. இப்போது எல்லாரும் சந்தையில்தான் இருக்கிறார்கள். இத்தனை நாள் அவன் கடைத் தேநீரைக் குடித்தும் என் மண்டையில் இது உறைக்கவில்லை.
"போகக் கூடாதுன்னுதானே சொன்னேன்?"
"நீங்க சொல்லி நான் என்னிக்குக் கேட்டிருக்கேன், டீச்சரம்மா?"
ஆதாரத்துக்காக, அந்த எழுத்து வரும் சொல் ஒன்றை ஆளாளுக்குப் பலகையில் எழுதச் சொன்னாராம் எந்தாலே. இவர்கள் வரிசையில் நின்று சந்தை வசவாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். மொழி தெரியாத மேதை, "அருமை, அருமை" என்று ஒவ்வொன்றையும் படம் பிடித்து விண்ணப்பத்தில் சேர்த்துவிட்டார். அதில் ஒன்று அவரைப் பற்றியதாம்.
சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. கொஞ்சம் அழவும் செய்தேன்.

மூன்று வருடம் கழித்து, ஹெதார் 2
ஊர்ப் பள்ளி. புத்தகம் வந்துவிட்டது. ஏழாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அந்த எழுத்து அச்சில் இருந்தது, மற்ற எழுத்துகளோடு எழுத்தாக. ஒருத்தராவது வாயைப் பிளப்பார்கள் என்று பார்த்தேன். ம்ஹூம். சொல்லைக் கத்தி வாசித்தார்கள், கடைசி வரிசையில் ஒருத்தி கொட்டாவி விட்டாள், பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள். நன்றி கெட்ட கழுதைகள்.