நான் கொடுத்த மாதிரிப் படம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று என் முதுகலை மாணவர்களில் ஒரு குழு, மருத்துவமனைக்கான கணினி அமைப்பை வரைந்து காட்டியது.

"எல்லாத்தையும் ஒரே சர்வர் தலையில கட்டிட்டீங்களே, அது படுத்துட்டா? மூளைய அடகு வச்சுட்டா வந்தீங்க?" என்று எல்லார் முன்பும் கேட்டுவிட்டேன்.

குழுத்தலைவி மெல்ல, "மேடம், இது முதல் கிளாஸ்ல நீங்க குடுத்த மாதிரிப் படம். பேரை மட்டும்தான் மாத்தினோம்" என்றாள்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து மழுப்பினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வெட்கம் இன்னும் பிடுங்கித் தின்கிறது. இன்று போனதும் கேட்டுவிட வேண்டும்.

இதைச் சொல்லக் கூப்பிட்டால் உங்கள் போன் மறுபடியும் அணைந்து கிடந்தது. பேட்டரியை மாற்றிவிடுங்கள் அப்பா. எனக்குப் பேச வேறு நம்பர் இல்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்