இரண்டாவது குமிழ்

தை, வெள்ளிக்கிழமை

ஸ்டூடியோவில் இன்று என் சீனியர் செல்வம் அண்ணன் முதலாளிக்குப் போட்டுக்காட்டிய புதிய சிந்தசைசர் ஒலி நான் செய்தது என்றே சந்தேகப்படுகிறேன். நேற்று சாப்பிடப் போனபோது கம்ப்யூட்டரைத் திறந்தபடியே விட்டுவிட்டேன். நல்ல ஒலி செய்பவரைச் சென்னைக்கு அனுப்புவதாக முதலாளி சொல்லியிருக்கிறார்.

"நானே செஞ்சது சார்," என்றார் அண்ணன்.

பதிவுக்கு வந்திருந்த திருவையாற்று நாகஸ்வரக்காரர் அதோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தார். "சுருதி இறங்கியிருக்கே தம்பி."

அண்ணன் திரையில், ஒலி அலையை உண்டாக்கும் இரண்டு ஆஸிலேட்டர்களில் இரண்டாவதன் குமிழைத் திருகினார். ஒலி கீச்சிட்டதே தவிர சுருதி நகரவில்லை. எப்படி நகரும்? இரண்டாவதை முதலாவதோடு பூட்டிவைக்கும் ஸிங்க் போட்டிருக்கிறது. முதல் ஆஸிலேட்டர் ஒரு சுற்றை முடிக்கும்போதெல்லாம் இரண்டாவது, தன் சுற்றைப் பாதியில் விட்டு மறுபடி தொடங்கும். சுருதியை முடிவு செய்வது முதலாவதுதான். இரண்டாவதைத் திருகினால் ஒலியின் குணம்தான் மாறும். செய்தவருக்கு இது தெரியாதா?

"சாஃப்ட்வேர் மக்கர் பண்ணுது. நீ பாரும்மா," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

முதல் குமிழைத் திருகினேன். சுருதி சேர்ந்தது.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்றார் முதலாளி.

"நான்தான் சார் சொல்லிக்குடுத்தேன்," என்று அண்ணன் முந்திக்கொண்டார்.

நான் தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்?

வயலிலிருந்து வந்ததும் அப்பா கேட்டார், "சென்னைக்கு எப்பம்மா?" கை கால் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். நாளைக்கு முதலாளி எதிரில், "ஸிங்க்கை எடுத்துட்டுக் காட்டுங்கண்ணே" என்று மட்டும் கேட்க வேண்டும்; அது எங்கே இருக்கிறதென்றே அவருக்குத் தெரியாது. அவ்வளவுதான். குரல் வர வேண்டும்.