எழுந்திருக்க நேரம் எடுக்கும் டர்போ

லிண்டெஸ்பெரி
மார்ச் 3

அன்புள்ள மாரித்,

நலமா? போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நான் எஞ்சின் பேச்சுக்குப் போய்விடுகிறேன், இனிமேல் கடிதம்தான் என்று சொல்லிவிட்டுப் போனாய். ஐந்து மாதமாகிறது. இதிலும் எஞ்சின் வரும், கோபித்துக்கொள்ளாதே.

நம் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய டர்போ ஒன்று கிடைத்திருக்கிறது. பழைய லாரியிலிருந்து கழற்றியது. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் பழைய சின்னதைத் தூக்கிவிட்டு இதை மாட்டப்போகிறேன். கல்யாணத்துக்கு முன் உன்னை ஏற்றிக்கொண்டு உமேயோ வரை ஒரே மூச்சில் போன கார் அல்லவா. பக்கத்து வீட்டு இங்வே வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "பொண்டாட்டி போனா டர்போ வாங்குறவன் நீ ஒருத்தன்தான்யா" என்றான். சிரித்தேன். உள்ளே வந்தால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

உன்
ஸ்தூரே

உமேயோ
மார்ச் 12

அன்புள்ள ஸ்தூரே,

உன் கடிதம் முழுவதிலும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை, "நலமா". நலமில்லை. இடது மார்பில் கட்டி. ஏப்ரல் 28, காலை எட்டு மணிக்கு ஆபரேஷன்.

உன்னிடம் இரண்டு கேட்கிறேன். ஒன்று, அன்று வா. அந்தக் காரில் வேண்டாம், ரயிலில் வா. நான் கண் விழிக்கும்போது கட்டில் பக்கத்து நாற்காலியில் நீ இருந்தால், உன்னோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இல்லையென்றால் இல்லை. இதைவிடப் பக்குவமாகக் கேட்க எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, நெசவுக் கூடத்தில் நான் முதன்முதலில் நெய்த நீலக் கட்டத் துண்டு. பிறகு நெய்த ஐந்தும் என்னிடம் இருக்கின்றன, முதலாவது மட்டும் அங்கே தங்கிவிட்டது, கொண்டு வா. ஆஸ்பத்திரியில் என்னுடையது என்று ஏதாவது கையில் இருந்தால் நன்றாக இருக்கும்.

அக்கா குன்னெல், "அவன் வரமாட்டான்டி, வந்தாலும் கிரீஸ் கையோடதான் வருவான்" என்கிறாள். வாயை மூடு என்று சொல்லிவிட்டேன்.

மாரித்

லிண்டெஸ்பெரி
மார்ச் 30

அன்புள்ள மாரித்,

கடிதத்தைப் படித்துவிட்டு காரேஜில் உட்கார்ந்து அழுதேன். வருகிறேன். குன்னெலிடம் சொல், கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே வருகிறேன்.

துண்டைச் சமையலறை இழுப்பறை, துணி அலமாரி எல்லாம் தலைகீழாக்கித் தேடிவிட்டேன். கிடைக்கவில்லை. மன்னித்துக்கொள்.

புது டர்போவின் வாய் காபித் தட்டு அகலம். பழைய காற்றுக் குழாய் அதில் பொருந்தவே இல்லை. வேறு குழாய் வெட்டி, பற்றவைத்து, ரப்பர் உறை போட்டு இறுக்கினேன். அறுக்கும்போது தூள் உள்ளே விழக்கூடாது என்று குழாய்க்குள் கைக்குக் கிடைத்த துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சிக்குப் பார்ப்பதுபோல் பார்த்துப் பார்த்துச் செய்தேன். வேலையில் இருந்தால்தான் உன் கட்டியைப் பற்றி நினைக்காமல் இருக்க முடிகிறது.

ஸ்தூரே

உமேயோ
ஏப்ரல் 10

அன்புள்ள ஸ்தூரே,

ரயில் டிக்கெட் இதோடு வைத்திருக்கிறேன். 27-ஆம் தேதி மதியம் புறப்படும். நீ வாங்குவாய் என்று காத்திருக்கத் தைரியம் இல்லை, நானே வாங்கிவிட்டேன்.

துண்டை விடு, வீட்டுக்கு வந்து நானே தேடிக்கொள்கிறேன். பயமாக இருக்கிறது ஸ்தூரே. குன்னெல் முன்னால் சிரித்துக்கொண்டே இருப்பதால் களைத்துப் போகிறேன். நீ வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

மாரித்

லிண்டெஸ்பெரி
ஏப்ரல் 23

என் மாரித்,

கார் ஓடுகிறது. கொஞ்சம் மந்தமாக இழுக்கிறது, மேடு ஏற யோசிக்கிறது. இங்வே, "என்னய்யா, மூக்கடைச்ச மாதிரி மூச்சு விடுது" என்றான். அவனுக்கு என்ன தெரியும்? பெரிய டர்போ அப்படித்தான், எழுந்திருக்க நேரம் எடுக்கும். எழுந்துவிட்டால் பிடிக்க முடியாது.

அதனால் காரிலேயே வருகிறேன், திட்டாதே. 27-ஆம் தேதி விடிந்ததும் கிளம்பினால் ரயிலுக்கு முன்னாலேயே வந்து சேருவேன். உன் டிக்கெட் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது. அன்று உன்னை ஏற்றிக்கொண்டு போன காரிலேயே வீட்டுக்கு அழைத்துவர ஆசை.

உன்
ஸ்தூரே

லிண்டெஸ்பெரி
மே 2

மாரித்,

குன்னெல் போனை எடுக்கவில்லை. ஆபரேஷன் எப்படி ஆனது என்றுகூடத் தெரியாமல் எழுதுகிறேன்.

வழியில் ஹூடிக்ஸ்வால் அருகே நீண்ட நேர் சாலையில் மிதித்தேன். முதல்முறையாக டர்போ முழுசாக எழுந்தது. உடனே எஞ்சினில் ஒரு அலறல், பிறகு புகை. காரைத் தூக்கிப்போக வந்தவர், "விடுங்க சார், ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கு. சாயங்கால வண்டியில ஏத்திவிடுறேன்" என்றார். டிக்கெட் பையில் இருந்தது. என்ன ஆனது என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவர் பட்டறையில் குழாயைக் கழற்றினேன். தலை நிமிர்ந்தபோது மறுநாள் காலை ஒன்பது, சாயங்கால வண்டி எப்போதோ போயிருந்தது.

உள்ளே துணி. நான் அடைத்துவிட்டு எடுக்க மறந்த துணி. அதைத்தான் டர்போவின் மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விரித்தால் நீலக் கட்டம். வீடெல்லாம் தேடியபோது அது அந்தக் குழாய்க்குள் இருந்திருக்கிறது. மிஞ்சியதைத் துவைத்து அனுப்புகிறேன். 

ஸ்தூரே

உமேயோ
மே 11

அன்புள்ள ஸ்தூரே,

கடிதமும் துண்டும் வந்தன. கட்டியை எடுத்துவிட்டார்கள். நோய் மீதி இருக்கிறதா என்று ஆகஸ்டில்தான் சொல்வார்களாம்.

கண் விழித்தபோது நாற்காலியில் குன்னெலின் கறுப்புக் கோட்டு கிடந்தது. மயக்கத்தில் அதை நீ என்று நினைத்து வெகுநேரம் பேசினேன். ஏன் தாமதம், சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். நர்ஸ் வந்து, "யாருகிட்டம்மா பேசுறீங்க?" என்றாள். அப்போதுதான் பார்த்தேன்.

துணியை மறந்ததில் எனக்குக் கோபம் இல்லை. யாருக்கும் மறக்கும். ஆனால் கார் நின்ற பிறகு ஒரு ரயில் இருந்தது. அதை நீ மறக்கவில்லை.

அங்கே இருக்கும் என் தறியை எடுத்துவர ஜூன் முதல் வாரம் குன்னெலும் அவள் கணவரும் வருவார்கள். வேறு எதுவும் வேண்டாம். துண்டைத் திருப்பி அனுப்புகிறேன், உனக்குக் கை துடைக்க ஆகும். வீட்டுச் சாவியை அதில்தான் முடிந்திருக்கிறேன், உதறும்போது பார்த்து உதறு.

மாரித்