ப்யூரெட்டும் மூன்று அலசலும்

2025 ஜனவரி 9, வியாழன்

பால், கறிவேப்பிலை, கோவில் உண்டியல் – கணக்கு எழுதியாயிற்று. கெமிஸ்ட்ரிக்கு இன்றும் செலவில்லை.

ராகவ் பூனாவுக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன டெஸ்க்டாப்பில், போனிலேயே வழி சொல்லி ஒரு சாஃப்ட்வேர் போட வைத்தான். "ஃப்ரீம்மா. யார் வேணா எடுத்துக்கலாம்." பிரசாதம் தவிர இலவசமாக வந்த எதையும் நான் நம்பினதில்லை. திறந்தால் திரை முழுக்க வண்ணப் பந்து. கார்பன் கறுப்பு, ஆக்ஸிஜன் சிவப்பு. நாற்பத்தாறு வயசில் பந்து விளையாட்டு!

இவர் எட்டிப் பார்த்தார். "சகுந்தலா, இனிமே ரசத்துல பெருங்காயமா, ஃபார்முலாவா?" துறைமுக ஆபீசில் ஆயுசு முழுக்க ஃபைல் நகர்த்தினவருக்கு இதற்குமேல் நகைச்சுவை வருமா?

ஜனவரி 17, வெள்ளி

பூஜை முடிந்து பூ கிள்ளிக்கொண்டிருந்தபோது கோமதி மாமி லேக் கார்டன்ஸிலிருந்து போன். "மாட்டுப்பொண் வர வயசுல பரீட்சையா? லேப் அசிஸ்டன்ட்னா பாத்திரம் தேய்க்கற வேலைதானேடி?"

ஆமாம் மாமி. இங்கே மட்டும் என்ன வீணை வாசிக்கிறேனா? அங்கே தேய்த்தால் மாசக் கடைசியில் சம்பளமாவது வரும். வாயில் வந்ததை முழுங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை.

ப்ளஸ் ஒன்னோடு கல்யாணமாகி கல்கத்தாவில் இந்த டாக்குரியாவுக்கு வந்தவள் நான். மீதி பாடங்களைத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதித் தேறிவிட்டேன்; கெமிஸ்ட்ரி ஒன்றுதான் பாக்கி. அதை முடித்துவிட்டு வந்தால் ஜூலையில் லேப் அசிஸ்டன்ட் இடம் தருவதாகப் பக்கத்துப் பள்ளி பிரின்சிபல் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை போனால் அந்த இடமும் போச்சு.

பிப்ரவரி 4, செவ்வாய்

சமன்பாடு பழகினேன். இந்தப் பக்கம் எத்தனை அணுவோ அந்தப் பக்கமும் அத்தனை. இடிக்கிறவரை சாஃப்ட்வேர் சிவப்பாகவே காட்டுகிறது. அட, வரவு செலவுதானே! இதற்குப் போயா டாக்குரியா ஸ்டேஷன் வாசலில் இத்தனை கோச்சிங் போர்டு?

பிப்ரவரி 19, புதன்

செய்முறை வகுப்பு என்று திறந்தநிலைப் பள்ளி மையத்தில் கூப்பிட்டார்கள். முதல் தடவை லேப் சாவியைக் காணோம். இரண்டாம் தடவை சாருக்கு ஏதோ கல்யாணம். தூரத்திலிருந்து ப்யூரெட்டைக் காட்டிவிட்டு ஓடினார். அளவுக்கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய், அடியில் திருகு. ஜோதி மாதிரி ஒரு நிமிஷ தரிசனம்.

ஆக, டைட்ரேஷனுக்கும் இலவசமே கதி. ராகவ் இன்னொரு சாஃப்ட்வேர் சொன்னான். மவுஸால் திருகைத் திறந்தால் ஊதா பெர்மாங்கனேட் சொட்டுச் சொட்டாக ஆசிடில் விழும். ரோஸ் நிறம் நின்றதும் நிறுத்தி அளவு எடுக்கவேண்டும். தினமும் சரியாக வருகிறது. ஒரே தொல்லை – தொடங்கும்போதெல்லாம் 'அலசு' என்று ஒரு பெட்டி, கீழே நீள இங்கிலீஷ். கம்ப்யூட்டர் குழாயில் யார் எச்சில் பட்டது? தாண்டிவிடுகிறேன். எனக்குப் பாத்திரம் கழுவச் சொல்லித்தர ஒரு மெஷின்!

மார்ச் 11, செவ்வாய்

செய்முறைத் தேர்வு. அலிப்பூர் பக்கம் ஒரு ஸ்கூல்.

எனக்குக் கொடுத்த ப்யூரெட்டில் யார் யார் கை பட்டதோ. நம் வழக்கப்படி மூன்று தடவை தண்ணீர் விட்டு அலசினேன். பளபளவென்று ஆனது. ஊற்றினேன், சொட்டு விட்டேன், அளவு எடுத்தேன். மறுபடி ஊற்றினேன் – குறைந்தது. மூன்றாவது – இன்னும் குறைந்தது. மூன்றும் ஒன்றாக வரவேண்டாமோ? பிள்ளையாரே, தினமும் சரியாக வந்ததே!

பக்கத்து மேஜை பிரியங்கா, காலேஜ் வயசுப் பெண், எட்டிப் பார்த்துக் கிசுகிசுத்தாள்: "மாஷிமா, மிலியே தின் நா!" ஒத்துப்போகிற மாதிரி எழுதிடுங்கள் என்று. அவள் பேப்பரில் மூன்றும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே எண். கை துறுதுறுத்தது. இடிக்கிற கணக்கை இடிக்கிறது என்றே எழுதிப் பழகின கை; வந்ததையே எழுதினேன்.

பரீட்சகர் பேப்பரைப் பார்த்தார். "ப்யூரெட்டை எதால் அலசினீர்கள்?"

"தண்ணீர் சார். மூணு தடவை."

பெருமையாகச் சொன்னேன்! அவர் சிரித்தார். அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். அந்தச் சிரிப்பு – என்ன தப்பு பண்ணினேன்? கழுவினது தப்பா? ராகவிடம் பொரிந்து தள்ளிவிட்டேன். "ஃப்ரீயா குடுத்தது தன் புத்தியக் காட்டிடுத்துடா!" பாவம், அவன் என்ன பண்ணுவான்.

மார்ச் 12, புதன்

பிள்ளையாருக்குப் பால் அபிஷேகம். கிண்டியைக் கழுவி ஈரத்தோடு பாலை விட்டுச் சாய்த்தேன். மூக்கிலிருந்து முதலில் வந்தது நீர்த்த பால், நீலம் பாரித்து. அப்புறம்தான் நல்ல பால்.

கை நின்றுவிட்டது.

பாதி ஸ்லோகத்தில் எழுந்துபோய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அபசாரம்தான். 'அலசு' பெட்டியை முதல் தடவையாகப் படித்தேன்: தண்ணீரால் கழுவியபின், ஊற்றப்போகும் கரைசலையே கொஞ்சம் விட்டு அலசிக் கொட்டவும், தங்கிய ஈரம் கரைசலை நீர்க்கச் செய்யும், அளவு கூடிவிடும். ஊற்ற ஊற்ற ஈரம் கரைந்து அளவு இறங்கியிருக்கிறது. கம்ப்யூட்டர் குழாயில் ஈரம் ஏது; அங்கே தாண்டினாலும் சரியாக வந்தது.

முதல் நாளிலிருந்து கரடியாகக் கத்தியிருக்கிறது. மகாராணி தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாள். கோமதி மாமியையும் இவரையும் ஏளனம் செய்கிற வாய்க்கு நான்கு வரி படிக்க வலித்திருக்கிறது. பூ!

ஏப்ரல் 22, செவ்வாய்

தியரி எழுதினேன். கேள்வித்தாளின் சின்ன எழுத்துக் குறிப்பைக்கூட விடாமல் படித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

பாஸ். செய்முறையில் கரை ஒதுங்கினது மாதிரி ஒரு மார்க். மூன்றையும் ஒன்றாக எழுதியிருந்தால் கூடுதலாக விழுந்திருக்குமோ என்னவோ. விழவேண்டாம். "பரவாயில்லையே" என்றார் இவர். ஒரு பரவாயில்லைக்கு இருபத்தெட்டு வருஷம்.

ஜூலை 11, வெள்ளி

வலது கை விரலில் பெர்மாங்கனேட் கறை, பழுப்பாக. எதைத் தடவினால் போகும் என்று தெரியும். பள்ளி லேப் அலமாரிச் சாவி இப்போது என்னிடம்தான். தடவவில்லை. அந்த விரலாலேயே திரியைத் தூண்டி விளக்கேற்றினேன். கிண்டியில் முதலில் ஒரு ஸ்பூன் பால் விட்டு அலசி, துளசிக்குக் கொட்டினேன்.

மத்தியானம் கோமதி மாமி போன் பண்ணினாளாம். இவரே சொன்னார்: "லேப்ல இருக்கா, சாயங்காலம் பண்ணுங்கோ மாமின்னுட்டேன்."

குரலில் கொஞ்சம் மிதப்பு இருந்ததோ? சே, இவருக்கா!

அந்த 'லேப்ல இருக்கா'வை இன்னொரு தடவை சொல்ல வைத்தேன் – காதில் விழாத மாதிரி.