பல்லுப்பிடுங்கி வளைவில் நிற்கும் ராட்டினத்தை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
ராட்டினக்காரரின் அண்ணன் மகன்,
நில மட்டம் அளக்கும் பொறியாளர்,
கடைசி வீடு, லாயத் தெரு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: கடற்கரைப் பொருட்காட்சித் திடல் – பழைய குதிரைப் பந்தயப் பாதையின் மேல் நிறுத்தப்பட்டுள்ள பெரிய ராட்டினம் – கடல் பக்கக் கால் மண்ணில் இறங்குவது – ஞாயிற்றுக்கிழமைத் திறப்புக்கு முன் ஓட்டத்தை நிறுத்தக் கோருவது தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக முன்னறையில் நான் வாய்மொழியாகச் சொன்னதும், "எழுதிக் குடுங்க தம்பி, வாயால சொன்னதுக்கு நாங்க எங்க சீல் வைக்கிறது" என்று எழுத்தர் சொன்ன பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. அப்பா இறந்தபின் நான் சித்தப்பா வீட்டில் வளர்ந்தேன். அவர்தான் மேற்படி ராட்டினத்தை ஓட்டுகிறார். என்னைப் படிக்க வைத்தது அந்த ராட்டினத்தில் வந்த சம்பளம். ஆகவே இது நான் சாப்பிட்ட சோற்றுக்கு எதிரான மனு என்பது எனக்குத் தெரியும். அதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. வீட்டில் அந்த வேலையைச் சித்தி தினமும் செய்கிறார்.

2. ராட்டினம் நான்கு கால்களில் நிற்கிறது. கடல் பக்கம் இரண்டு, சாலைப் பக்கம் இரண்டு. கடல் பக்கத்து இடது கால் மட்டும் இறங்கிக்கொண்டிருக்கிறது. மற்ற மூன்றும் அசையவில்லை. நான்கும் சேர்ந்து இறங்கினால் நான் இவ்வளவு பதற மாட்டேன். ஒரு கால் மட்டும் இறங்கினால் அச்சு சாயும், அச்சு சாய்ந்தால் மேலே சுற்றுவது எதுவும் நம் கையில் இருக்காது.

3. அது ஏன் இறங்குகிறது என்பதற்கு இடத்தின் வரலாறு தெரிய வேண்டும். திடல் முழுவதும் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயப் பாதை. கடற்கரையை மணல் கொட்டி மேடாக்கி, அதன்மேல் முட்டை வடிவில் போட்டிருந்தார்கள். லாயங்கள் இப்போது எங்கள் தெரு இருக்கும் இடத்தில் இருந்தன. பந்தயம் முடிந்த குதிரைகளைக் கடலில் குளிப்பாட்டக் கொண்டுபோவார்கள். பார்வையாளர் நடைபாதையைக் குதிரைகள் குறுக்கே கடந்தால் சாணி விழும், கனவான்களின் பூட்ஸ் கெடும். அதற்காக லாயத்திலிருந்து கடல் வரைக்கும் தரைக்கு அடியில் செங்கல் வளைவு வைத்து ஒரு சுரங்கப்பாதை கட்டினார்கள். ஒரு குதிரையும் ஓர் ஆளும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும் அகலம்.

4. இதற்கு நான் புதையல் தேடவில்லை. திடல் மேலாளரின் நாற்காலிக்குப் பின்னால் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் புகைப்படத்திலேயே, ஈரக் குதிரை ஒன்று சுரங்கவாயிலிலிருந்து தலையை நீட்டுகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டிப் பெருமையாகக் கதை சொல்வார். அந்தப் படத்தில் தெரியும் கல்தூண்களில் இரண்டு இன்றும் டிக்கெட் கொடுக்கும் இடத்தில் நிற்கின்றன. அவற்றை வைத்துக் கோடு பிடித்தேன். கோடு ராட்டினத்தின் இறங்குகிற காலுக்கு நேர் கீழே போகிறது.

5. அந்த இடம் மோசமானது என்பது பந்தயக் காலத்திலேயே தெரியும். பருவத்தின் முதல் நாளில், பந்தயம் தொடங்குமுன் ஒருவர் தனியாகக் குதிரையில் பாதை முழுவதும் ஒரு சுற்று வர வேண்டும். 'தரை பார்க்கும் சுற்று' என்பார்கள். என் தாத்தா அந்தச் சுற்று வருகிறவர். ஒரு வருடம் கடலோர வளைவில் குதிரையின் முன்கால் தரைக்குள் போய்விட்டது. குதிரைக்குக் கால் ஒடிந்தது, தாத்தாவுக்கு முன்பல் நான்கு போனது. குதிரையை அங்கேயே சுட்டார்கள். பிறகு ஒரு வண்டி மணலைக் கொட்டி மட்டம் பண்ணி, அன்று மாலையே பந்தயத்தை நடத்தினார்கள். டிக்கெட் விற்றாகிவிட்டதாம். அதிலிருந்து அந்த வளைவுக்குப் பல்லுப்பிடுங்கி என்று பெயர். தாத்தா கடைசிவரை பல் கட்டிக்கொள்ளவில்லை. கேட்டால், "எடுத்தது அவங்க, அவங்களே கட்டி விடட்டும்" என்பாராம்.

6. பின்னாளில் பாதையின் ஒரு பக்கத்தைக் கடல் தின்றது, பந்தயம் நின்றது. சுரங்கத்தின் லாயப் பக்கத்தைச் சுவர் வைத்து அடைத்தார்கள். உள்ளே வெறும் மணலைத் தள்ளினார்கள். கடல் பக்கத்தில் பாறைகளைக் குவித்ததோடு சரி. அப்படிக் காலியான திடலில்தான் பொருட்காட்சி வந்தது. ராட்டினம் இத்தனை வருடம் நுழைவாயில் அருகே கெட்டி நிலத்தில் நின்றது, ஒரு குறையும் இல்லை. இந்த வருடம் மேலே போனால் கடல் நன்றாகத் தெரியும் என்று பல்லுப்பிடுங்கிக்கு மாற்றினார்கள். போன புயலில் சுரங்கவாயில் பாறைகள் உருண்டுபோனதை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

7. நான் போய்ப் பார்த்தேன். காலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியைக் கையால் அழுத்தினேன். முழங்கை ஆழம் வரை மண் தடுத்தது. அதன்பிறகு கம்பி தானாக இறங்கியது. அந்தத் துளையில் கடல் ஏறும்போது தண்ணீர் ஏறுகிறது, கடல் வாங்கும்போது இறங்குகிறது. இறங்குகிற தண்ணீர் சும்மா போகாது, மணலையும் கூட்டிக்கொண்டு போகிறது. ஞாயிறு அமாவாசை. கடல் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும், அதிகமாக வாங்கும்.

8. தங்கள் ஆய்வாளர் ராட்டினத்தைப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மட்டம் வைத்துப் பார்த்தபோது ராட்டினம் நேராகத்தான் நின்றது. காரணம் என் சித்தப்பா. அவருடைய தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் ஓட்டுமுன் தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் இறங்கியிருந்தால் ஜாக்கி கொடுத்து, நட்டைத் தளர்த்தி, காலடியில் இரும்புத் தகடு சொருகி, மறுபடி முறுக்குவார்கள். இடம் விட்டு இடம் போகும் ராட்டினத்துக்கு அது நல்ல பழக்கம். அடியில் குழி இருக்கும் இடத்தில் அதே பழக்கம் நோயை மறைக்கிற வேலை. இப்போது அந்தக் காலடியில் ஏழு தகடுகள் இருக்கின்றன (இந்த இடத்தில் அடித்தல் திருத்தல் உண்டு, கடைசியில் விளக்கியுள்ளேன்). ஒவ்வொரு தகடு ஏறும்போதும் போல்ட்டில் நட்டு கடிப்பதற்கு மிச்சமுள்ள மரை, அதாவது திருகுப் புரி, குறைகிறது. மரை தீர்ந்தால் காலைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை.

9. மேலாளரிடம் சொன்னேன். அந்தப் புகைப்படத்தின் கீழேயே உட்கார்ந்துகொண்டு, "தம்பி, நீங்க படிச்சவரு, ஒத்துக்கறேன். எங்க ராட்டினம் படிக்கல. ஆனா சுத்துது பாருங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கம்பியை வந்து ஒரு தடவை பாருங்கள் என்றேன். "திறப்பு முடியட்டும், சாவகாசமா குத்திப் பாப்போம்" என்றார்.

10. சித்தப்பாவிடமும் சொன்னேன். "நான் கீழ நிக்கிறேன்ல. எனக்குத் தெரியாம அது எங்கடா சாயும்" என்றார். சித்தி பேசினார். "ஊருக்கெல்லாம் மட்டம் பாத்தவன், இப்ப எங்க அடுப்புல தண்ணி ஊத்த வந்திருக்கான்" என்றார். அவர் கோபம் நியாயம். ராட்டினம் நின்றால் சித்தப்பாவுக்கு வேறு வேலை தெரியாது. ஆனால் ஓட்டுகிறவரின் அறை இருப்பது அந்தக் காலை ஒட்டி. சாய்ந்தால் முதலில் அவர்மேல்தான்.

11. இன்னொன்றையும் தாங்கள் அறிய வேண்டும். பந்தயம் போனாலும் தரை பார்க்கும் சுற்று போகவில்லை. பொருட்காட்சியில் அது வேறு உருவத்தில் இருக்கிறது. திறப்பு நாளில் ராட்டினத்தின் முதல் சுற்றில் ஓட்டுகிறவரின் குடும்பம்தான் ஏறும். 'வீட்டுச் சுற்று' என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அவன் வீட்டுக்காரர்களே ஏறுகிறார்கள், பயமில்லை என்று ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சித்தியும் அவருடைய மகளான என் தங்கையும் ஏறுகிறார்கள். தங்கைக்கு இந்த வருடம்தான் உயரம் பயம் போயிருக்கிறது. எந்தக் கூண்டு என்றுகூட முடிவு செய்துவிட்டாள். நீல நிறக் கூண்டு. என்னையும் கூப்பிட்டாள். "நீ வரலைன்னா அப்பாவ நம்பலைன்னு ஆயிடும்ணா" என்றாள். அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

12. எனவே நான் கேட்பது:

ஞாயிற்றுக்கிழமைக்குள் ராட்டினத்தின் ஓட்டத்தை எழுத்துமூலம் நிறுத்த வேண்டும்.

தகடுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கடல் வாங்கியிருக்கும் நேரத்தில், தங்கள் ஆய்வாளர் மறுபடி மட்டம் பார்க்க வேண்டும். நான் கூட நிற்கிறேன். கம்பி என்னிடம் இருக்கிறது.

காலடியில் தோண்டிப் பார்க்க வேண்டும். சுரங்கம் இல்லையென்றால், பொய்ப் புகார் கொடுத்ததாக என்மேல் நடவடிக்கை எடுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

உத்தரவில், தவறு நிலத்துடையது, இடம் மாற்றியவர்களுடையது, ஓட்டுகிறவருடையது அல்ல என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ராட்டினத்தைப் பழைய இடத்துக்கே மாற்றினால் அவரே ஓட்டலாம். அவரைவிட நன்றாக ஓட்டுகிறவர் கிடையாது. மூன்று காலில் நிற்கிற ராட்டினத்தை இத்தனை நாள் நிமிர்த்தி வைத்திருந்தவர் அவர்.

'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் தயவுசெய்து வேண்டாம். தாத்தா விழுந்த அன்று மணலைக் கொட்டி மட்டம் பண்ணியவர்களும் பரிசீலித்துத்தான் செய்திருப்பார்கள்.

இப்படிக்கு,
மேலே முதலில் சொன்னவன்.
(ஒப்பம்)

இடம்: லாயத் தெரு
நாள்: புதன்கிழமை

வியாழக்கிழமை காலை சேர்த்தது:

ஐயா, மனுவை உறையில் போடுமுன் சித்தப்பா கேட்டு வாங்கிப் படித்தார். டீ ஆறிப்போகும் வரை படித்தார். எட்டாம் பத்தியில் நான் 'மூன்று தகடுகள்' என்று எழுதியிருந்தேன். வெளியிலிருந்து என் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் பேனாவைக் கேட்டார். மூன்றை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினார். பக்கத்தில் அவரே சுருக்கொப்பம் வைத்திருக்கிறார். அந்தத் திருத்தம் என் கையெழுத்து அல்ல என்பது தங்களுக்குப் பார்த்தாலே தெரியும்.

மூன்று என்ற கணக்கில்தான் 'ஞாயிற்றுக்கிழமைக்குள்' என்று கேட்டிருந்தேன். ஏழு என்றால் மரை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. மணல் மூட்டைகளை ஏற்றி வைத்து இன்று மத்தியானமும் வெள்ளோட்டம் இருக்கிறது. எனவே பன்னிரண்டாம் பத்தியில் ஞாயிற்றுக்கிழமை என்று உள்ள இடத்தில், இன்று என்று படிக்கவும்.

சித்தப்பா வேலைக்குப் போகவில்லை. இந்த மனுவை நான் கொடுக்கும்போது அவர் தங்கள் முன்னறை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ராட்டினத்தின் மின்பெட்டிச் சாவி அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

மேலாளரிடம் இன்னொரு சாவி இருக்கிறது.