ஆறு பேர் இறங்கிய கணக்கு

திண்டிவனம்,
25-6-1983

அன்புள்ள தையலுக்கு,

மேரி எழுதுவது. உன் கார்டு நேற்றுக் கிடைத்தது. பத்து வருஷமாகியும் அந்த முத்து முத்தான கையெழுத்து மாறவே இல்லையடி. உன் வீட்டுக்காரருக்குப் பகல் டூட்டியே கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். சின்னவனுக்கு இருமல் விட்டதா?

நான் உன் பிறந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. காலையில் ஒலக்கூர் பஸ்ஸைப் பிடித்து, பாதியில் இறங்கி ஒன்றரை மைல் நடை. உன் அண்ணன் தாண்டவராயன் முதல் நாளே வகுப்பு வாசலுக்கு வந்து, "எந்தங்கச்சியோட ட்ரெயினிங் படிச்ச பொண்ணு. எதுனா வேணும்னா கூச்சப்படாம கேளும்மா" என்றார். வாரா வாரம் ஒரு பை மல்லாட்டைக் கடலை வேறு கொடுத்தனுப்புகிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

ஏழாம் வகுப்புக் கணக்கு என்னுடையது. பிள்ளைகள் பெருக்கல் வகுத்தலெல்லாம் போட்டுவிடுகிறார்கள். அதையே மூன்று வரி வாக்கியமாகக் கொடுத்தால்தான் பென்சிலைக் கடிக்கிறார்கள். அஞ்சலை என்று ஒருத்தி மட்டும் அப்படி இல்லை. ரயில் வேகமோ தொட்டிக் குழாயோ, வாசித்து முடிப்பதற்குள் விடை வந்துவிடும். அவளிடம்தான் ஒரு விசித்திரம் பார்த்தேன்.

'ஆறு ஆட்கள் ஒரு கிணற்றைப் பதினைந்து நாட்களில் ஆழப்படுத்துவார்கள். அதே வேலையைப் பத்து ஆட்கள் எத்தனை நாட்களில் முடிப்பார்கள்?' விடை ஒன்பது. அவள் எழுந்து "ஏழரை" என்றாள். ஏழரை என்றால் சிரிக்காத பிள்ளைகள் உண்டா? ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, தையல். எல்லாரும் குனிந்துகொண்டார்கள்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். வழியெல்லாம் சரி. ஆறு வரவேண்டிய இடத்தில் ஐந்து போட்டிருக்கிறாள்.

"கணக்குல எத்தன ஆளு அஞ்சலை?"

"ஆறு டீச்சர்."

"அப்புறம் ஏன் அஞ்சு போட்ட?"

"ஆறு ஆளு எறங்கினாங்க. ஏறினது அஞ்சுதான டீச்சர்."

கிணற்றை எடுத்துவிட்டுச் சுவர் கட்டுகிறார்கள் என்று மாற்றினேன். சரியாகப் போட்டாள். மறுபடி கிணறு என்றேன். மறுபடி ஒன்று குறைந்தது. அந்த ஊரில் உனக்குத் தெரியாதவர்கள் இல்லையே. இவள் யார் வீட்டுப் பெண்?

உன்,
மேரி

*

விழுப்புரம்,
3-7-1983

அன்பு மேரிக்குத் தையல்நாயகி எழுதிக்கொண்டது.

சின்னவனுக்கு இருமல் குறைந்திருக்கிறது. மாமியார்தான் விடாமல் இருமுகிறார், நான் அடுப்படியிலிருந்து வெளியே வரும் நேரமாகப் பார்த்து. நீயாவது வகுப்பு, பிள்ளைகள் என்று இருக்கிறாய். நானும் அதே ட்ரெயினிங்கை முடித்துவிட்டு இங்கே அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ சொல்லும் பெண் கண்ணையன் மகள். கண்ணையன் கிணறு வெட்டுகிறவன். வறட்சி என்று மே மாதம் அண்ணன் கிணற்றைத் தோண்டினார்கள். அந்த வேலைக்கு வந்தவன், பாதியில் பெங்களூருக்குப் போய்விட்டான். பெண்டாட்டி முனியம்மாளிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லையாம். குழந்தைக்கு அப்பா ஞாபகம். அதுதான் கணக்கில் வருகிறது. வேறென்ன இருக்கப்போகிறது?

அவளுக்குக் கிணற்றுக் கணக்குக் கொடுக்காதே. பஸ், மல்லாட்டை மூட்டை, பால் என்று எத்தனையோ இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக இங்கே வா. மீன் குழம்பு வைக்கிறேன்.

உன் அன்பை மறவாத,
தையல்

*

திண்டிவனம்,
24-7-1983

அன்புள்ள தையலுக்கு,

நீ சொன்னபடிதான் செய்தேன். இரண்டு வாரம் கிணறு என்ற சொல்லையே எடுக்கவில்லை. புதன்கிழமை, புத்தகக் கணக்கு அலுத்துப்போய், "நாளைக்கு ஆளுக்கு ஒரு கணக்கு நீங்களே எழுதிக்கினு வாங்க. உங்க வீட்டுல, தெருவுல நீங்க கண்ணால பாத்ததா இருக்கணும்" என்றேன். எந்த விஷயம் என்று நான் சொல்லவில்லை. அதை நீ நம்ப வேண்டும்.

இருபத்தேழு நோட்டு வந்தது. வீட்டுக்கு எடுத்துவந்து சாயங்காலம் திருத்த உட்கார்ந்தேன்.

துரைக்கண்ணு எழுதியிருந்தான்: 'ஒரு கிணறு 42 அடி ஆழம். ஆழப்படுத்திய பிறகு 30 அடி. எத்தனை அடி காணோம்?' தோண்டினால் கிணறு ஏறுமா இறங்குமா என்று சிவப்பு மையில் எழுதப் போனேன். எழுதவில்லை. அடுத்த நோட்டை எடுத்தேன். அந்த நோட்டுக்காரப் பையனின் அப்பாவிடம் மாட்டு வண்டி இருக்கிறது: 'நான்கு வண்டிகள் மூன்று நாள் மண் அடித்தன. ஒரு வண்டி ஒரு நாளைக்குப் பத்து நடை. மொத்தம் எத்தனை நடை?' வேறொருத்தி வடக்கயிற்றைப் பற்றி எழுதியிருந்தாள். அறுபது அடி உள்ளே போனது, இருபத்தொன்பது அடி வெளியே வந்தது, மிச்சம் எவ்வளவு?

ஆடு மேய்க்கப் போகும் ஒரு சின்னப் பெண்ணின் நோட்டு கடைசி. அதை அப்படியே எழுதுகிறேன். 'பதினோரு மணியிலிருந்து ஒன்றரை மணி வரை ஒருவர் கூப்பிட்டார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டார் என்றால் மொத்தம் எத்தனை தரம்?' கீழே அவளே விடை போட்டிருக்கிறாள். 'முப்பது. அப்புறம் மண் போட்டுட்டாங்க.'

தையல், இருபத்தேழு பேரும் ஒரே கிணற்றைத்தான் எழுதியிருந்தார்கள். ஒருவர் நோட்டில் இருந்தது மற்றவர் நோட்டில் இல்லை.

மறுநாள் இடைவேளையில் பெண்கள் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒன்று, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஏழு என்று எண்ணித் தாவினார்கள். தினமும் அப்படித்தான் எண்ணுகிறார்கள் போலிருக்கிறது. எனக்கு அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

"ஆறு எங்கடி?" என்றேன்.

"ஆறு மேல வரல டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஒருத்தி அடுத்த கட்டத்துக்குத் தாவினாள்.

பயமாக இருக்கிறது. உடனே எழுது.

மேரி

*

விழுப்புரம்,
29-7-1983

மேரி,

நீ கணக்கு டீச்சர். பாடப் புத்தகத்தில் இருப்பதை நடத்து. கிராமத்துப் பிள்ளைகள் பேய்க்கதை கட்டுவார்கள். படித்த நீயும் சேர்ந்து பயந்தால் எப்படி?

அண்ணன் நேற்று இங்கே வந்திருந்தார். உன் வகுப்பில் நடந்தது அவர் காதுக்கு எட்டிவிட்டது. கோபமாகப் பேசவில்லை. "அந்தப் பொண்ணுக்கு விழுப்புரம் பக்கமே மாத்தல் வாங்கிக் குடுக்கறேன், நீ சொல்லிப் பாரு" என்றார். நல்லதுதானே? என் பக்கத்திலேயே இருக்கலாம்.

அந்த நோட்டுகளை எரித்துவிடு. பிள்ளைகளுக்குப் புது நோட்டு அண்ணன் வாங்கித் தருவார்.

தையல்

*

திண்டிவனம்,
21-8-1983

அன்புள்ள தையலுக்கு,

நோட்டுகளை எரிக்கவில்லை. மாற்றலும் கேட்கப்போவதில்லை.

அஞ்சலை மத்தியானம் சத்துணவில் பாதிதான் சாப்பிடுகிறாள். மீதியை இலையில் மடித்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டு வருகிறாள். போன செவ்வாய்க்கிழமை பின்னாலேயே போனேன். உன் அண்ணன் கொல்லைக்கு, கிணற்றடிக்கு. பட்டப்பகல். வெயில் தகிக்கிறது. கிணற்றின் மேல் வேலிமுள் வெட்டிப் போட்டிருக்கிறது. அவள் இலையை விளிம்பில் வைத்துவிட்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"தெனமும் நாந்தான் டீச்சர் அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக்கினு வருவேன். அன்னிக்கு ஆறு தூக்கு வந்துச்சு. அஞ்சு பேரு வாங்கிக்கினாங்க. ஒரு தூக்கு அப்பிடியே இருந்துச்சு."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"யாரும் கேக்கல. நீங்கதான் கணக்குல கேட்டீங்க."

பேச்சை நிறுத்திவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தாள். மறுபடியும் சாய்த்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபது. அடுத்தது பன்னிரண்டு இருபத்தைந்து. அதற்கடுத்தது அரை. அவளிடம் கடிகாரம் ஏது? "கேக்குதா டீச்சர்?" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, சத்தியமாக. ஆனால் அடுத்த தரம் அவளோடு என் தலையும் சாய்ந்தது. அதன் பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தைந்து.

இது இருக்கட்டும். நான் எழுத வந்தது வேறு.

நேற்று முனியம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். மூன்று மாதமாகப் புருஷன் பெங்களூரிலிருந்து கார்டு போடுகிறானாம். அவனுக்கு எழுதத் தெரியாது. யாரையோ வைத்து எழுதுகிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். "இந்தப் பொண்ணு படிச்சுக் காட்ட மாட்டேங்குதுங்க. அது அப்பா தபாலே இல்லன்னுது. நீங்க படிச்சுச் சொல்லுங்க டீச்சர்" என்று மூன்று கார்டுகளை மேஜைமேல் வைத்தாள்.

தபால் முத்திரை மை அப்பிக் கிடந்தது. அதைப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. 'சுகமாக இருக்கிறேன், தேட வேண்டாம்' என்ற வரியை வாயால் படித்துக்கொண்டே நான் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ழ'வின் வாலை மேலே சுழித்துவிடுகிறவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான் உண்டு. என் பெட்டியில் அவள் எழுதிய கடிதங்கள் நூறுக்கு மேல் இருக்கின்றன.

முனியம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம் கேட்கிறேன். நீ என்ன செய்தாய், தையல்?

மேரி

*

விழுப்புரம்,
18-9-1983

என் மேரிக்கு,

நாலு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதை அவர் வேலைக்குப் போன பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். படித்ததும் எரித்துவிடு.

மே மாதம் நான் பிள்ளைகளோடு ஊரில்தான் இருந்தேன். அன்று காலை வெடி வைத்த சத்தம் கேட்டது. அதன் பிறகு, நானும் அண்ணியும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கொல்லைப் பக்கமிருந்து ஒரு குரல். வார்த்தை இல்லை, ஓ என்று ஒரு இழுப்பு. நின்றுவிடும். மறுபடி வரும். "யாரு அண்ணி கூப்பிடறது?" என்றேன். "மல்லாட்டைக் கொல்லையில காக்கா ஓட்டறாங்க. நீ சாப்புடு" என்றார் அண்ணி. நான் சாப்பிட்டேன், மேரி. இரண்டாவது தரம் ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஜூன் மாதம் அண்ணன் இங்கே வந்து, "அந்தப் பொம்பள அழுதுக்கினே கெடக்குது. அவன் எழுதற மாதிரி ஒரு தபால் எழுதிக் குடும்மா, ஆறுதலா இருக்கும்" என்றார். எழுதினேன். ஓடிப்போனவன்தான் என்று நம்பி எழுதினேன். உன் முதல் கடிதம் வந்த பிறகு கேட்டேன். அப்போதுதான் சொன்னார். பக்கச்சுவர் சரிந்ததாம். வெடிக்கு லைசென்ஸ் இல்லையாம். "மேல மண்ணு எறங்கிக்கினே இருந்துச்சு. தூக்க எறங்கினா இன்னும் ரெண்டு உசுரு போயிருக்கும். நான் என்ன பண்ணட்டும்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னை வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக் கொடுத்தவர். அதற்குப் பிறகும் இரண்டு கார்டு எழுதினேன். தெரிந்தே எழுதினேன்.

பதினோரு மணியானால் இங்கே ஜன்னல் கதவையெல்லாம் சாத்திவிடுகிறேன். மாமியார் புழுங்குகிறது என்று திட்டுகிறார். ஒன்றரைக்குத்தான் திறக்கிறேன்.

அண்ணனுக்கு நாலு பிள்ளைகள். போனவன் திரும்பி வரப்போவதில்லை. நீ பேசாமல் இருந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு என்னால் ஆனதை வாழ்நாள் முழுக்கச் செய்வேன். நம் பத்து வருஷ நட்பின் மேல் கேட்கிறேன்.

உன்,
தையல்

*

திண்டிவனம்,
30-10-1983

தையல்நாயகிக்கு,

உன் கடிதத்தை எரிக்கவில்லை. இருபத்தேழு நோட்டுகளோடு சேர்த்து, எங்கே கொடுக்க வேண்டுமோ அங்கே கொடுத்தேன். முனியம்மாளும் கூட வந்தாள். இது உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஆனாலும் நானே சொல்லவேண்டும் என்று எழுதுகிறேன்.

ஏழு நாள் மண்ணை அள்ளினார்கள். ஊர் முழுக்க வரப்பில் நின்றது.  கண்ணையன் அடியில் நசுங்கிக் கிடக்கவில்லை. வடக்குப் பக்கம் பாறை குடைந்த ஒரு பொந்து இருந்திருக்கிறது. அதற்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று கேட்டதற்கு டாக்டர் தன் தாள்களை மடித்து வைத்தார்.

உன் அண்ணனை அழைத்துப் போனபோது அவர் என்னைப் பார்த்து, "எந்தங்கச்சி மாதிரி நெனச்சேனே" என்றார்.  உன் அண்ணி என் காலில் விழுந்தார். அந்தக் குழந்தைகள் வாசலில் நின்றதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று உனக்கு எழுதமாட்டேன்.

கார்டுகளை எழுதியது நீ என்று முனியம்மாளிடம் நான்தான் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். இடுப்பிலிருந்து மூன்றையும் எடுத்தாள். கடைசியாக வந்ததைத் தேடி என் கையில் கொடுத்தாள்.

"இதுல, பொண்ண களையெடுக்க அனுப்பாத, படிக்க வைன்னு இருக்குதேங்க. அந்த வார்த்தைக்காவத்தான் இத்தினி நாளா பட்டினி கெடந்தும் இத ஸ்கூலுக்கு அனுப்பிக்கினு இருக்கறேன். அப்ப அத யாரு சொன்னது டீச்சர்?"

உன் அண்ணன் சொல்லி எழுதிய வரியாக அது இருக்க முடியாது. அவருக்கு அது தேவையில்லை. அதை எழுதும்போது உன் மனசில் என்ன இருந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. முனியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சலையும் பக்கத்தில் நின்றாள்.

"அவரு சொன்னதாவே வச்சுக்கம்மா" என்றேன்.

அஞ்சலை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். கார்டை என் கையிலிருந்து வாங்கி, அந்த வரியை மட்டும் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

இனி எனக்கு எழுதாதே. உன் கையெழுத்தில் என் பெயரைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்.

லூர்துமேரி