தாரிகா செய்த சூரன்

ஒக்டோபர் 16, வியாழன்

மனுசி கலாவை ஆஸ்பத்திரியில் மறித்துவைத்து மூன்று நாளாகிறது. பிரஷர் இறங்கவில்லை. எட்டாம் மாதப் பிள்ளை, இன்னும் கொஞ்ச நாள் வயிற்றுக்குள் இருந்தால் நல்லதாம். ஆனால் தாய்க்குப் பிரஷர் ஏறினால் உடனே எடுக்கத்தான் வேண்டுமாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மாமி அங்கே துணைக்கு நிற்கிறா. வீட்டில் நானும் மகளும்.

தாரிகாவுக்கு நாலரை வயது. அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனால்தான் நேசறிப் பள்ளிக்குப் போவாளாம். அதனால் சந்தியில் என் போன் திருத்தும் கடைக்கும் பாதி நாள் விடுமுறை. நேரத்தைப் போக்க யூரியூப்பைத் திறந்தேன். ஒரு பெண் போத்தல் மூடியில் பென்குயின் செய்கிறாள். மூன்று நிமிடம். நகத்தில் ஒரு துளி கம் பசை இல்லை. நாங்கள் காலைச் சாப்பாட்டிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை இருந்து செய்தது காகம் மாதிரி வந்தது. அதுவும் பஸ்ஸில் அடிபட்ட காகம். தலைமயிரளவு வயரைப் பற்றவைக்கிற கை இது. ஒரு மட்டையை நேராக வெட்டத் தெரியவில்லை.

பின்னேரம் கேட்டாள், அம்மா எப்ப வருவா என்று. சூரன்போருக்கு முதல் வந்திடுவா என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்? ஒருவரையும் இல்லை. ஏன் இப்ப வரேல்லை என்று அடுத்த கேள்வி.

“பேபிதான் பிடிச்சு வைச்சிருக்குது. விடமாட்டன் எண்டு அடம்.”

பகிடிக்குத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஒக்டோபர் 17, வெள்ளி

கோதுமை மாவில் பசை காய்ச்சினோம். அடிப்பிடித்தது. கலா வருவதற்குள் சட்டியை எங்கேயாவது ஒளிக்க வேண்டும்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. புதுச் சட்டை போட்டு, மோட்டார் சைக்கிளில் முன்னால் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சின்னப் பிள்ளைகளை வோட்டுக்குள் விடமாட்டார்கள். கீழே முற்றத்தில் நின்றோம். மேல்மாடி ஜன்னலில் கலா வந்து கை காட்டினா. முகம் வீங்கிக் கிடந்தது. இவளுக்கு அந்தத் தூரத்தில் தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது.

புத்தூரில் எங்கள் வீட்டுப் படலையில் இறக்கிவிட்டபோது ஒன்றுதான் கேட்டாள்: “சூரன்போர் எப்ப?”

ஒக்டோபர் 22, புதன்

இன்று கந்தசஷ்டி தொடக்கம். பக்கத்து வளவு நமசிவாயம் அண்ணை மிளகுத் தண்ணீர் விரதத்தில் இறங்கிவிட்டார். எங்கள் கோயிலில் சூரன் சிலையைத் தூக்கி ஆட்டும்போது முன்கொம்பு பிடிக்கிறவர் அவர்தான். ஆறு நாள் சாப்பிடாமல் கிடக்கிற மனுசனைத் தேடிப் பிடித்து, ஊரிலேயே பாரமான சாமானைத் தோளில் வைத்துக் குலுக்கு என்பார்கள். கேட்டால் பக்தி.

முடிவு தெரியாத சனம் ஊரில் இல்லை. யானைத் தலை போகும், சிங்கத் தலை போகும், சூரனுடைய சொந்தத் தலையும் போகும். மாமரமாக வருவான், முருகன் வேலால் பிளப்பார், ஒரு பாதி சேவல், மற்றப் பாதி மயில். சேவல் கொடிக்கு, மயில் ஏறுகிறதுக்கு. சூரன் வென்ற வருசம் கிடையாது. இருந்தும் எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், நானும்தான். இந்த முறை கிட்ட நிறுத்திச் சூரனைக் காட்டுவதாக அண்ணை தாரிகாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

அதோடு பென்குயினுக்கு முடிவு வந்தது. “நாங்களும் ஒரு சூரன் செய்வம் அப்பா.” சந்தியில் பிரிட்ஜ் வந்த மட்டைப் பெட்டி ஒன்று கேட்டு வாங்கி, சைக்கிள் கரியரில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தேன். வழியில் மூன்று பேர் பிரிட்ஜ் வாங்கிவிட்டீரோ என்று கேட்டார்கள். ஓம் என்று சொல்லிவைத்தேன், வீட்டு மரியாதை கொஞ்சம் உயரட்டும்.

ஒக்டோபர் 23, வியாழன்

யானைத் தலை முடிந்தது. மழை ஈரத்தில் பசை காயவில்லை, துதிக்கை மூன்று தரம் கழன்று விழுந்தது. வெயிலில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அண்ணையின் ஆடு வேலியால் வந்து ஒரு காதைத் தின்றுவிட்டது. மா பசைக்கு நல்ல ருசி போலிருக்கிறது. ஒற்றைக்காது யானை. தாரிகாவுக்கு அதுவே பிடித்துக்கொண்டது.

நேற்று இரவு சந்தியில் கோழிக் கொத்துரொட்டி கட்டிக்கொண்டு வந்து குசினிக்குள் இருந்து சாப்பிட்டோம். சஷ்டியில் மச்ச மாமிசமா என்று கேட்கக் கலா வீட்டில் இல்லைதானே. இன்று காலையில் மகள் வேலியில் ஏறி நின்று அண்ணைக்கு முழு விபரமும் சொன்னாளாம்.

“முருகன் பாத்துக்கொள்ளுவார் தம்பி,” என்றார் அண்ணை. பிறகு மெதுவாக, “மணம் எனக்கும் வந்தது.”

ஒக்டோபர் 24, வெள்ளி

தும்புத்தடியின் தும்பைப் பிய்த்துச் சிங்கத்துக்குப் பிடரி வைத்தோம். இனிக் கூட்ட முடியாது. சிங்கம் பார்க்க எங்கள் பழைய அதிபர் மாதிரி இருக்கிறது.

மூன்றாவது தலையைத் தானே செய்கிறேன் என்று என்னைத் துரத்திவிட்டாள். போய்ப் பார்த்தால் பால்மாப் பேணி மூடியளவு வட்டம். மீசை இல்லை, பல் இல்லை. இரண்டு கண், ஆவென்று ஒரு வாய். சூரனுக்கு முறுக்கு மீசை வேண்டாமோ என்று கேட்டேன்.

“இது பேபி. அம்மாவைப் பிடிச்சு வைச்சிருக்கிற பேபி. இவனைக் கடைசியா வெட்டவேணும். வெட்டினால் அம்மா வருவா.”

அப்படி இல்லைக் குஞ்சு, அப்பா பகிடிக்குச் சொன்னது என்றேன். நீங்கள்தானே சொன்னீங்கள் என்றாள். ஓம், நான்தான் சொன்னது. என்ரை வாயைத் தைக்கவேணும். எல்லாத்துக்கும் ஒரு பகிடி. கடைக்கு வாற சனத்துக்குப் பகிடி, கோயிலுக்குப் பகிடி, வயித்துக்குள்ளை இருக்கிற பிள்ளைக்கும் பகிடி.

ஒக்டோபர் 25, சனி

விடிய மாமி போன் எடுத்தா. பிரஷர் ஏறிவிட்டது, ஒப்பரேசனுக்குக் கொண்டுபோகிறார்கள்.

தாரிகாவை அண்ணை வீட்டில் விட்டுவிட்டு ஓடினேன். மழை. ஹெல்மெட் போட்டேனா? ஞாபகம் இல்லை.

ஆம்பிளைப் பிள்ளை. ஒரு கிலோ எண்ணூறு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். கலா இன்னும் கண் திறக்கவில்லை. டொக்டரை மறித்துக் கேட்டேன், பார்ப்பம் என்றார். பார்ப்பம் எண்டால் என்ன? என்னத்தைப் பாக்கிறது? நானும் கடையில் அதைத்தான் சொல்கிறேன். தண்ணிக்குள் விழுந்த போனைக் கொண்டுவந்து தந்தால், வைச்சிட்டுப் போங்கோ, பார்ப்பம்.

அண்ணை மூன்று தரம் தோய்ந்து குளித்தாராம். பிள்ளை பிறந்த வீட்டுக்குத் தீட்டு, துடக்கு; எங்கள் வீட்டுப் பிள்ளை அவர் மடியில். விரதகாரன், பாவம். ஆனால் செய்தி கேட்டும் அவளை மடியிலிருந்து இறக்கவில்லை என்று அவரின் மனுசி சொன்னா.

ஒக்டோபர் 26, ஞாயிறு

கலா கண் திறந்துவிட்டா. முதல் கேள்வி, பிள்ளை எப்படி. இரண்டாவது, தாரிகா சாப்பிட்டாளா. நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. அப்போதே தெரிந்தது, மனுசி தப்பிவிட்டா.

பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது. இரண்டு மூன்று நாள் போனால்தான் சொல்லலாமாம்.

மாமியின் போனில் எடுத்த வீடியோவை வீட்டுக்கு வந்து தாரிகாவுக்குக் காட்டினேன். சிவப்பாக, சின்னதாக, மூக்கில் குழாயோடு, வாயைத் திறந்து மூடிக்கொண்டு. நாலைந்து தரம் திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்தாள். முட்டையால் வந்த உடனே கோழிக்குஞ்சும் இப்படித்தானே என்று கேட்டாள். இப்படித்தான் என்றேன்.

பின்னேரம் அண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று செருமினார். துடக்கு முப்பத்தொரு நாள். நாளைக்கு நாங்கள் கோயிலுக்கு வரக்கூடாது. சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, ஆட்டைப் பார்த்தார். துடக்கையெல்லாம் வாழ்நாள் முழுக்க நக்கலடித்தவன் நான். முந்தி என்றால் சண்டைக்குப் போயிருப்பேன். இன்று ஓம் அண்ணை என்றேன். ஒன்றோடும் கொழுவ எனக்கு இப்போது துணிவில்லை.

தாரிகா வாசலில் விழுந்து கிடந்து அழுதாள். அம்மாவும் வரேல்லை, சூரனும் இல்லை, நீங்கள் பொய் சொல்லுறீங்கள். முழுவதும் உண்மை. எங்கள் சூரனை வைத்து முற்றத்தில் போர் நடத்துவோம் என்று சொன்ன பிறகுதான் எழும்பினாள்.

அவள் நித்திரையானதும் அந்தப் பேபித் தலையை எடுத்து அலுமாரிக்கு மேலே போட்டேன். மட்டை. தெரியும். மூடநம்பிக்கை என்று கடையில் நாள் முழுக்கக் கதைக்கிறவன் நான். இருந்தும் அவன் பெட்டிக்குள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடக்கையில் இங்கே ஒருவர் அதை வெட்ட நான் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டேன். பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

ஒக்டோபர் 27, திங்கள்

பின்னேரம் மழை விட்டுத் தந்தது. கோயிலில் மேளம் கேட்கத் தொடங்கியதும் நாங்களும் தொடங்கினோம். தாரிகா முருகன். ஈர்க்குச்சிக் கட்டின் மேல் வெள்ளிப் பேப்பர் சுற்றிய வேல். நான் சூரன் தூக்கி. பிரிட்ஜ் பெட்டியைத் தலையில் வைத்து ஆடினேன். “இப்பிடி இல்லை அப்பா.” திரும்ப ஆடினேன். “இப்பிடியும் இல்லை.” சூரன் என்ற பெயரில் பிரிட்ஜை வீடு மாற்றுகிற ஆள் மாதிரி இருந்திருப்பேன். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மேளம் நின்று கொஞ்ச நேரத்தில் படலை திறந்தது. நமசிவாயம் அண்ணை. உடம்பெல்லாம் சேறு, தோள் சிவந்து வீங்கி, தொண்டை அடைத்துப்போய். துடக்கு வீட்டுக்குள் கால் வைக்கிறீர்களே என்றேன்.

“சூரன் தூக்கினவன் எப்பிடியும் தோயத்தான் வேணும். உங்கடை துடக்கையும் சேத்துத் தோயுறன். விடும் உந்தக் கதையை.”

பெட்டியை வாங்கித் தோளில் வைத்தார். மனுசன் ஆறு நாள் சாப்பிடாதது. முன்னுக்குப் பாய்ந்தார், பின்னுக்கு வந்தார், சுழன்றார், பெட்டி படபடவென்று அடித்தது. ஒற்றைக்காது யானை அவளைப் பார்த்து உறுமியது. தாரிகா பயந்து, சிரித்து, கத்தி, வேலால் ஒரே குத்து. யானைத் தலை போனது. சிங்கம் இரண்டு தரம் தப்பி ஓடி மூன்றாம் தரம் விழுந்தது, பிடரி முற்றம் முழுக்க.

“அடுத்த தலை,” என்றார் அண்ணை.

காணும், போதும் அண்ணை, உங்களுக்குக் களைப்பு என்றேன். தாரிகா வீட்டுக்குள் ஓடினாள். அது அலுமாரிக்கு மேலே, அவளுக்கு எட்டாது என்று நினைத்தேன். கதிரையை இழுத்துப் போட்டு ஏறுவாள் என்று நினைக்கவில்லை. திரும்பி வந்தபோது அது அவள் கையில். எட்டிப் பிடித்தேன்.

“இதை வெட்டவேண்டாம் பிள்ளை. அப்பா கெஞ்சிக் கேக்கிறன்.”

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். தலையைத் திருப்பிக் காட்டினாள். தீபாவளிப் பலகாரப் பெட்டியின் சிவப்புப் பேப்பரை வெட்டி உச்சியில் ஒட்டியிருந்தாள், கோணல்மாணலாக. வாயில் ஒரு மஞ்சள் சொண்டு. எப்போது எடுத்தாள், எப்போது ஒட்டினாள், தெரியாது. பசை இன்னும் ஈரம்.

“இது சூரன் இல்லை அப்பா. சேவல். சேவலை வெட்டிறேல்லை. கொடியிலை வைக்கிறது.”

அண்ணை பெட்டியை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே இருந்தார். பெட்டி அமுங்கிப் போனது. சூரன் உண்மையாகவே முடிந்தான்.

நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். அழுதேன் என்று எழுதினால் என்ன, இது என் கொப்பிதானே. அழுதேன்.

ஒக்டோபர் 30, வியாழன்

மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறான்.

நவம்பர் 12, புதன்

தாயையும் பிள்ளையையும் நேற்றே விட்டார்கள். செவ்வாய்க்கிழமை பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோவதோ என்று மாமி மறித்து, பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று இன்று வந்தோம். நான் வாய் திறக்கவில்லை. வரவர நல்லவனாகிக்கொண்டு வருகிறேன்.

படலையில் தும்பில்லாத தும்புத்தடி, அதன் நுனியில் சேவல் தலை. மழையில் ஒரு கண் கரைந்து போயிருந்தது. இதென்ன கோலம் என்று கலா கேட்டா. தம்பி என்றாள் தாரிகா. கலா என்னைப் பார்த்தா. பிறகு சொல்கிறேன் என்றேன். குசினிக்குள் போன உடனே அடிப்பிடித்த சட்டியைக் கண்டுபிடித்துவிட்டா.

நவம்பர் 14, வெள்ளி

பத்தியக் கறிக்கு ஊர்க்கோழி வேண்டுமாம் மாமிக்கு. அண்ணை வீட்டில் ஒன்று சொல்லி வைத்திருந்தா. நான் வாங்கக் கிளம்ப, தாரிகா கொடியைப் பிடுங்கிக்கொண்டு படலைக்குக் குறுக்கே நின்றாள். எங்கடை வீட்டிலை இனிக் கோழி இல்லையாம், சேவலும் இல்லையாம், கொத்தும் இல்லையாம். கொத்து என்றதும் கலா நிமிர்ந்து பார்த்தா. நான் மோட்டார் சைக்கிளை வல்வெட்டித்துறைக் கடற்கரைப் பக்கம் திருப்பினேன். பால்சுறா வாங்கி வந்தேன், தாய்க்குப் பால் சுரக்க அதுவும் நல்லதுதானாம்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் கண்ணயர்ந்த நேரம் அவன் தொட்டிலில் கிடந்து கத்தத் தொடங்கினான். பெட்டிக்குள் கிடந்தபோது சத்தமே வராத தொண்டை. இப்போது அண்ணையின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிற கத்தல். தாரிகா கண்ணைத் திறக்காமல் என் தோளில் தட்டினாள்.

“கூவுறான் அப்பா. எழும்புங்கோ.”

எழும்பினேன்.